கூரை உச்சியைப் பிடித்த டீச்சர்

அம்சவல்லி டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தங்கமான டீச்சர் என்று கடைசிவரை கேட்டுவிட்டு, நடுவில் ஸ்கேலைத் தூக்கியதற்காக யாரும் சண்டைக்கு வரக்கூடாது. அந்தக் காலத்தில் ஸ்கேல் இல்லாத டீச்சரைப் பிள்ளைகளைப் பெற்றவர்களே நம்ப மாட்டார்கள்.

அறுபத்து மூன்றாம் வருஷம். அவளுக்கு இருபத்தைந்து வயசு. குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிற சிங்காரவேலுவுக்கு ஒரே பெண். டிரெயினிங் முடித்துவிட்டு, தினமும் காலையில் பஸ் பிடித்து நெய்வேலிக்கு வந்து, டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு 'டி' பிரிவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வேலை டெம்பரவரி. அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

அன்றைய நெய்வேலியைப் பார்த்தவர்கள் இப்போதும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. சாலை இருக்கும், வீடு இருக்காது. வீடு இருக்கும், ஆள் வந்திருக்க மாட்டார்கள். பிளாக் பிளாக்காக நூல் பிடித்துக் கோடு போட்டு, ஓரமாக நட்ட மரக்கன்றுகள் முழங்கால் உயரம்கூட வராமல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். காலையில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தால் சாயங்காலம் செம்மண் ஏறிக் காவியாகத் திரும்ப வேண்டியதுதான். மாசி பங்குனியில் முந்திரிப் பூ வாசனை வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஷிப்ட் சங்கு ஊதினால் கடிகாரம் இல்லாத வீட்டிலும் உலை வைப்பார்கள். எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஒரு வீட்டில் திருநெல்வேலி, அடுத்த வீட்டில் கோயமுத்தூர். யாருக்கும் பக்கத்து வீட்டுக் குழம்பின் பெயர் தெரியாது, ஆனால் கிண்ணம் மட்டும் போய்வந்துகொண்டிருக்கும். நல்ல காலம்தான் அது, சும்மா சொல்லக்கூடாது.

அம்சவல்லிக்கு அந்த நெய்வேலியில் வேண்டியது ஒன்றே ஒன்று. பெர்மனென்ட் ஆக வேண்டும். ஆகிவிட்டால் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள். குவார்ட்டர்ஸில் குழாய் இருக்கும்.

சிரிக்க வேண்டாம். அம்மா செத்துப்போனதிலிருந்து, பாவாடை கட்டிய வயசிலிருந்து, தெருக்கிணற்றில் இறைத்து இறைத்துத் தோள் காய்ப்பு காய்த்துப்போனவளுக்குத்தான் அந்த ஆசையின் அருமை தெரியும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். அப்பா காலை அதில் விட்டுக்கொண்டுதான் நெய்வார். அவருக்கு இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடந்தன. சிமெண்டுத் தரை போட்ட வீட்டில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்து, குழாயைத் திருகி ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த நாளெல்லாம் அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டு வருவாள்.

அந்த வருஷம் தலைமை ஆசிரியர் சங்கரலிங்கம் அவளைக் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர். நல்ல மனுஷன், ஆனால் எதற்கெடுத்தாலும் பயம்.

"டீச்சரம்மா, பங்குனியில இன்ஸ்பெக்டரம்மா வாராவ. ஒவ்வொரு டீச்சரும் ஒரு மாதிரிப் பாடம் எடுத்துக் காட்டணுமாம். ஒங்களுக்கு இது விழுந்திருக்கு" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். 'கட்டங்களில் வடிவங்களை இடம் நகர்த்துதல்' என்று இருந்தது. "பாடம் நல்லா அமைஞ்சா ஒங்க பேரை பெர்மனென்டுக்கு எழுதி அனுப்பலாம்னு சொல்லுதாவ. பாத்துச் செய்யுங்க."

அன்று பஸ்ஸில் அவளுக்கு நிலைகொள்ளவில்லை.

பாடம் என்னவோ சின்னப் பாடம்தான். கட்டம் போட்ட தாளில் ஒரு கொடியோ படகோ இருக்கும். அதைப் பக்கவாட்டில் மூன்று கட்டம், கீழே இரண்டு கட்டம் நகர்த்து என்றால் நகர்த்த வேண்டும். இடம் மாறலாம். அளவு மாறக்கூடாது, சாயக்கூடாது, திரும்பக்கூடாது. வடிவத்தின் ஒவ்வொரு மூலையும் ஒரே பக்கமாக, ஒரே அளவு போக வேண்டும். அவ்வளவுதான்.

கட்டம் போட்ட தாளுக்கு எங்கே போவது? 'டி' பிரிவில் பாதிப் பிள்ளைகளுக்கு ஸ்லேட்டே உடைந்த ஸ்லேட்டு. அம்சவல்லி வீட்டில் கொடியில் தொங்கிய கைலியைப் பார்த்தாள். கட்டம் கட்டமாக ஒரு முழுக் கைலி. அள்ளிக்கொண்டு போய் வகுப்பு நடுவில் விரித்தாள். புளியங்கொட்டையை வரிசையாக வைத்தால் வடிவம் ஆயிற்று. நகர்த்தவும் சுலபம்.

சங்கரலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது என்னம்மா விரிச்சிருக்கீங்க?"

"கைலி சார்."

"அது தெரியுது. பள்ளிக்கூடத்துல எதுக்கு?"

"கட்டம் சார். நம்ம ஊரு கட்டம்."

அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டரம்மா வரும்போது இது இருக்காது அல்லவா என்று கேட்டார். அந்தக் கைலியில் வேறு சங்கடம் இருந்தது. ஒரு பெரிய கட்டம், ஒரு சின்னக் கட்டம் என்று மாற்றி மாற்றி நெய்தது. படகை நாலு கட்டம் நகர்த்தியதும் அது பரிசல் மாதிரி உப்பிப்போயிற்று. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் அப்பாவிடம் சொல்லி, எல்லாக் கட்டமும் ஒரே அளவாக இருக்கும் கைலி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

"பாத்து வெச்சிக்கம்மா, அது இன்னொருத்தரு உடுத்தப்போற துணி" என்றார் சிங்காரவேலு.

'டி' பிரிவுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் விட்டுக் கிளம்பிய புன்னைக்கொல்லை ஊர்க்காரர்களின் பிள்ளைகள் அவர்கள். முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம் கோடு போட்டு மனை பிரித்துக் கொடுத்த புதுக் காலனியில் இருந்தார்கள். அப்பா அம்மாவெல்லாம் முன்னே நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள், இப்போது கான்ட்ராக்டில் மண் சுமக்கிறவர்கள். பிள்ளைகள் செருப்பில்லாமல் தோப்பைத் தாண்டி நடந்து வரும். வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும், ஆனால் உட்கார்ந்ததும் வாய் ஓயாது. அவர்களுக்கு இடது வலது என்றால் விளங்காது. கிழக்கு மேற்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டும். கைலியைச் சுற்றி நாலு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தன் வலது இன்னொருத்தன் இடது ஆகிறதே என்று அவளும் கிழக்கு மேற்குக்கே மாறிக்கொண்டாள்.

முதல் வாரம் எல்லாரும் செய்கிற தப்பைச் செய்தார்கள். நிற்கிற கட்டத்தையே ஒன்று என்று எண்ணினார்கள். "நிக்கிற எடம் ஒண்ணு இல்லடா, கால எடுத்து வெச்சப்புறம்தான் ஒண்ணு" என்று தொண்டை காயச் சொன்னாள். அது சரியாயிற்று. கொடி சரியாக வந்தது. படகு வந்தது. அரிவாள் வந்தது.

வீட்டை வைத்ததும் எல்லாம் கெட்டது.

கீழே ஒரு பெட்டி, மேலே கூம்பாகக் கூரை. அடிவரிசையில் வாசலுக்கு ஒரு கொட்டை அளவு இடைவெளி. வாசல் கிழக்குப் பார்த்து இருக்கும்படி கைலியில் வைத்து, கிழக்கே ஐந்து கட்டம் நகர்த்து என்றாள். செல்லக்கிளி என்ற பெண், வகுப்பிலேயே சூட்டிகையானவள், கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி வைத்தாள். இடம் சரி. ஆனால் வாசல் தெற்கே திரும்பிவிட்டது.

"திரும்பக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

செல்லக்கிளி மண்டையை ஆட்டினாள். மறுபடி வைக்கச் சொன்னால் மறுபடியும் தெற்கு. அடுத்த பையனைக் கூப்பிட்டால் அவனும் தெற்கு. வடக்கே நகர்த்தச் சொன்னாலும் மேற்கே நகர்த்தச் சொன்னாலும் வீடு போய்ச் சேர்ந்த இடத்தில் தெற்குப் பார்த்தே நின்றது. படகு திரும்பவில்லை, அரிவாள் திரும்பவில்லை, இந்தப் பாழாய்ப்போன வீடு மட்டும் திரும்பியது. இன்ஸ்பெக்டரம்மா வர இரண்டு வாரம்தான் இருந்தது. குழாய் கண்ணெதிரே தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது. நாலாவது தடவை செல்லக்கிளி வாசலைத் தெற்கே வைத்தபோது ஸ்கேலை எடுத்து உள்ளங்கையில் இரண்டு போட்டாள்.

மறுநாள் செல்லக்கிளி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அம்சவல்லி பள்ளிக்கூடம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு, தோப்பைத் தாண்டிக் காலனிக்கு நடந்தாள்.

செல்லக்கிளியின் அம்மா கலியம்மாள் வேலை விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். தலையில் சும்மாடுகூட இன்னும் எடுக்கவில்லை.

"வாங்க டீச்சர், குந்துங்க" என்று பாயை உதறிப் போட்டாள். "கை வலியெல்லாம் அன்னிக்கே போயிடுச்சிங்க. தப்பு எதுன்னு சொல்லாம அடிச்சிட்டாங்கன்னு வீம்பு புடிச்சிகினு கெடக்குறா. கோவக்காரி. யார்கிட்ட கத்துகினாளோ தெரியல."

அம்சவல்லி அதைக் காதில் வாங்காத மாதிரி வீட்டைப் பார்த்தாள். சுவர் புது மண். ஆனால் கூரை புகை ஏறிக் கறுத்துப்போன பழைய கூரை. கேட்டாள்.

"அது ஊருல போட்ட கூரைங்க. பிரிச்சா கீத்து வீணாப்போயிடும்னு முழுசா தூக்கினு வந்தோம்" என்றாள் கலியம்மாள். "மூலைக்கு மூலை ஆளுங்க நிப்பாங்க. முன்னால ஒருத்தர் கொரல் குடுப்பாரு, கெழக்க வா, கெழக்க வான்னு. எல்லாரும் ஒண்ணா கால் வெக்கணும். ஒரு மூலை பின்தங்குனா கூரை முறுக்கிக்கும், மூங்கி ஒடஞ்சிடும். அதுக்குத்தான், தெக்கு மூலை வரலன்னு ஒரு கொரல் வந்திச்சின்னா மத்தவங்க எல்லாம் அப்படியே நின்னுடணும். அது வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது."

"யாரு பின்தங்குனதுன்னு திட்ட மாட்டாங்களா?"

"திட்டக் கூடாதுங்க. பேரே சொல்லக் கூடாது. மூலையத்தான் சொல்லணும். தோள்ல பாரத்த வெச்சிகினு இருக்கறவன பேர் சொல்லித் திட்டுனா அவன் பாரத்தப் போட்டுட்டுப் போயிடுவான் இல்லீங்களா."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, இங்க வந்து பாத்தா தெரு தெக்க இருக்குது. ஊருல எங்க வாசலுங்க எல்லாம் கெழக்கப் பாத்தது. எறக்கறதுக்கு முன்னாடி கூரைய அப்படியே சுத்தித் திருப்பி, தெக்கப் பாத்து வெச்சோம். இந்த வரிசையில எல்லா வூடும் அப்படித்தான். இவ மொறத்துல வெளக்க வெச்சிகினு பின்னாடியே வந்தா. எல்லாத்தையும் பாத்துகினு இருந்தா."

அம்சவல்லி வெளியே வந்து தெருவைப் பார்த்தாள். ஒரு வரிசை வீடு. எல்லா வாசலும் தெற்கே. செல்லக்கிளி சுவரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, வூட்ட எதுக்குத் திருப்புன?"

"நீங்கதான் நவத்தச் சொன்னீங்க. வூட்ட நவத்துனா கடைசியில திருப்பணும் இல்லீங்களா."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னா?"

"நீங்க கேக்கலிங்க."

அம்சவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் முட்டியது. அந்தப் பெண்ணின் உள்ளங்கையைப் பிடித்து இரண்டு தடவை தேய்த்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் செய்கிற காரியம்தான் அது. செல்லக்கிளிக்கும் புரிந்தது.

மறுநாள் கைலியைச் சுருட்டி வைத்துவிட்டு எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். செம்மண்ணில் குச்சியால் பெரிய பெரிய கட்டம் கீறினாள். கிணற்றுக் கயிறு ஒன்றை முடிந்து, ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடிக்கச் சொன்னாள். அடியில் இரண்டு மூலை, கூரை இறங்குகிற இடத்தில் இரண்டு மூலை. வாசல் கிழக்கே என்பதால் மேற்கே வரும் கூரை உச்சிக்கு ஆள் வேண்டும்.

"உச்சிக்கு ஒசரமான ஆளுதான் வேணும்ங்க" என்று பிள்ளைகள் கத்தி, டீச்சரையே பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். கயிறு அவள் கைக்கு வந்தது. ஐந்து மூலையும் சேர்ந்து வீடு நின்றது.

"இப்ப கூரையத் தூக்கினு போறோம். தூக்கினு போற வரைக்கும்தான் நம்ம பாடம். திருப்பி எறக்கி வெக்கிறது வேற பாடம், அத அஞ்சாங்கிளாஸ்ல பாத்துக்கலாம்" என்றாள்.

செல்லக்கிளி குரல் கொடுத்தாள். கெழக்க வா. ஒரு கட்டம். கெழக்க வா. இன்னொரு கட்டம். சின்னக் கால்காரன் ஒருத்தன் தாமதித்தால் "வடக்கு மூலை வரல" என்று குரல் வரும், எல்லாக் காலும் நின்றுவிடும். யாரும் யாரையும் திட்டவில்லை. அந்தக் காலனிப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீடு நெளியாமல், கோணாமல், திரும்பாமல் போய்ச் சேர்ந்தது. அந்தப் பிரிவில் படித்தவர்கள் பின்னால் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் இந்த விளையாட்டைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். கயிறு உள்ளங்கையில் சுட்ட சூடு உட்பட ஞாபகம் இருந்தது அவர்களுக்கு.

இன்ஸ்பெக்டரம்மா தமயந்தி வந்த அன்று சங்கரலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கைலி அங்கேயேதான் விரிந்திருந்தது. அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "வீட்டை வலது பக்கம் நாலு கட்டம் நகர்த்துங்க பார்ப்போம்" என்றார்.

கைலியைச் சுற்றியிருந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரோட வலதுங்க?" என்றாள் செல்லக்கிளி.

தமயந்தி அம்மாள் குனிந்து, தன் கையைப் பார்த்து, எதிரே உட்கார்ந்திருந்த பையனின் கையைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சரிதான். எப்படிக் கேட்கணும்னு நீயே சொல்லு" என்று புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கிழக்கே நாலு, தெற்கே இரண்டு என்று கேட்டார். செல்லக்கிளி கொட்டைகளை எடுத்து வைத்தாள். வாசல் கிழக்குப் பார்த்தபடியே இருந்தது. அப்புறம் முற்றத்தில் கயிறு வீட்டையும் பார்த்தார். போகும்போது அம்சவல்லியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்துச் சங்கரலிங்கம் வாயெல்லாம் பல்லாக அவளைக் கூப்பிட்டார்.

"பெர்மனென்ட் ஆயிட்டீங்கம்மா. ஜூன்ல இருந்து 'ஏ' பிரிவு. குவார்ட்டர்ஸும் எழுதிட்டாவ. சாவி வாங்கிப் போய்ப் பாத்துட்டு வாங்க. பள்ளிக்கூடம் மூடுத அன்னிக்குச் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

"'டி' பிரிவு சார்?"

"அதுவும் நல்ல சேதிதான். அந்தச் சின்னக் காலுவோ இம்புட்டுத் தூரம் நடக்குதேன்னு இன்ஸ்பெக்டரம்மாவுக்கு மனசு கேக்கல. காலனியிலேயே பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம் ஒண்ணு தெறக்கப்போறாவ. கீத்துக் கொட்டகைதான். இந்தப் பிள்ளைகள் அங்க போயிரும்."

"அங்க யாரு பாடம் எடுக்கறது?"

"யாராவது வருவாவ. ஆளு கெடைக்கணும்லா."

அன்றைக்கு அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்கத் தோன்றவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சுண்ணாம்பு வாசனை அடிக்கிற காலி வீடு. சமையலறையில் குழாய். திருகினாள். முதலில் இருமியது, அப்புறம் துருத் தண்ணீரைத் துப்பியது, அப்புறம் சுத்தமாகக் கொட்ட ஆரம்பித்தது. இரண்டு கையையும் அதன் கீழே நீட்டிக்கொண்டு புடவை நனைவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டார். "தறி போட தரையத் தோண்ட வுடுவாங்களா?"

"தோண்ட வேணாம்பா. நீ சும்மா குந்து."

"சும்மா குந்துனா செத்துப்போவேன். நீ போ. நான் வாரத்துக்கு ஒரு தடவ வந்து குளிச்சிட்டு வரேன்" என்றார். இவளுக்குக் கோபம் வந்து அன்று இரவு சாப்பிடவில்லை. ஆனால் படுத்தபிறகும் காதுக்குள் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் மூடுகிற நாள். சித்திரை வெயில். 'டி' பிரிவுப் பிள்ளைகள் பைக்கட்டை மரத்தடியில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமல் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கடைசி தடவை என்று அவர்களே சொன்னார்கள். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தார்கள். செல்லக்கிளி உச்சிக் கயிற்றைக் கொண்டுவந்து டீச்சரின் கையில் கொடுத்தாள்.

"எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"கேட்டு வரைக்குங்க. அதுக்கப்புறம் நாங்க அப்படியே வூட்டுக்குப் போயிடுவோம்."

கேட் கிழக்கே இருந்தது. காலனியும் கிழக்கே. செல்லக்கிளி முன்னால் போய் நின்றுகொண்டு குரல் கொடுத்தாள். கெழக்க வா. நாலு மூலையும் ஒரு கட்டம் நகர்ந்தன. கெழக்க வா. இன்னொரு கட்டம்.

அம்சவல்லி நகரவில்லை. நகரக்கூடாது என்று நினைத்து நிற்கவில்லை. ஆபீஸ் அறை ஜன்னலில் சங்கரலிங்கம் அவளுக்காகத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். கயிறு விறைத்துக் கையை இழுத்தது. பார்த்தாள். வீடு கோணிப்போயிருந்தது. உச்சி மட்டும் பின்னால் நீண்டு, கூரை மாதிரியே இல்லை.

செல்லக்கிளி திரும்பிப் பார்த்தாள். டீச்சர் என்று கூப்பிடவில்லை. பேரைச் சொல்லக் கூடாதே.

"உச்சி வரல" என்றாள்.

நாலு பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, சீக்கிரம் வாங்க என்று சொல்லவில்லை. சுடுமண்ணில் வெறுங்காலோடு, கயிற்றைப் பிடித்தபடி, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாரம் தூக்குகிறவர்கள் எப்படிக் காத்திருப்பார்களோ அப்படி.

அம்சவல்லி கயிற்றின் நுனியைக் கீழே, தான் நின்ற கட்டத்திலேயே வைத்தாள்.

"நில்லுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்குப் போனாள்.

"வாங்கம்மா, இந்தாங்க பேனா" என்றார் சங்கரலிங்கம்.

"சார், அந்தக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு ஆளு கெடச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"நான் போறேன். யூனியனுக்கு எழுதிக் கேக்கறேன். இங்க 'ஏ' பிரிவுக்கு வேற யாரையாவது போட்டுக்குங்க."

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். அவள் விளையாடுகிறாளோ என்று பார்த்தார். விளையாடுகிற முகமாக இல்லை.

"என்னம்மா சொல்லுதீங்க? அது டெம்பரவரியிலயும் டெம்பரவரி. குவார்ட்டர்ஸ் கெடையாது. மழை பேஞ்சா ஒழுவும். நீங்க குழாயத் தெறந்து பாத்துட்டு வந்து எங்கிட்ட எம்புட்டுச் சந்தோசமாச் சொன்னீங்க? அத மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார்" என்றாள் அம்சவல்லி. "அதனாலதான் இப்பவே எழுதிக் குடுத்துடறேன். வூட்டுக்குப் போனா மனசு மாறிடும்."

சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். நின்றபடியே நாலு வரி எழுதினாள். சங்கரலிங்கம் அதைப் படிக்கவில்லை. மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்தபோது நாலு மூலையும் விட்டுப்போன இடத்திலேயே நின்றன. ஒருத்தன் மட்டும் சூடு தாங்காமல் ஒற்றைக் காலில் நின்றான், ஆனால் கட்டத்தைத் தாண்டவில்லை. அம்சவல்லி குனிந்து கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு, தவறவிட்ட இரண்டு கட்டமும் கிழக்கே கால் எடுத்து வைத்தாள்.

செல்லக்கிளி வீடு நேராயிற்றா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மறுபடியும் குரல் கொடுத்தாள்.